நாக்கு சாரின் மஞ்சள் மாத்திரை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. தேயிலைக் கம்பெனியில் வாசல் காவலாளி தொடங்கி முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவர் நாக்கு சார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, நேருக்கு நேர் கூப்பிடும் பெயர்தான். அவரும் அதை ஒரு பட்டம் போலவே சுமந்துகொண்டு திரிந்தார்.

அவருடைய வேலை தேநீரை ருசி பார்ப்பது. டீ குடிப்பதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கல்யாணப் பேச்சின்போது மாமனார் கேட்டார். "குடிக்கிறது இல்லைங்க, துப்புறது" என்று இவர் திருத்தினார். மாமனாருக்கு அது இன்னும் கவலையைக் கொடுத்தது. இருந்தாலும் பெண்ணைக் கொடுத்தார்.

உண்மையில் அது விளையாட்டு வேலை இல்லை. கம்பெனியின் மாடியில், வெயில் நேராக விழாத பக்கமாகப் பார்த்து ஒரு நீள அறை. சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. அதன்மேல் காதில்லாத வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மூடி போட்ட குவளை, அதற்கும் பின்னால் அந்தத் தூள் வந்த டப்பா. எல்லாக் குவளையிலும் ஒரே எடைத் தூள், ஒரே கெட்டில் தண்ணீர், ஒரே அளவு ஊறல். நாக்கு சார் கரண்டியில் ஒரு வாய் எடுத்து, காற்றோடு சேர்த்து சர்ரென்று உறிஞ்சுவார். அந்தச் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்கும். வாய்க்குள் ஒரு சுற்று சுழலவிட்டு, முழங்காலால் தள்ளிக்கொண்டே வரும் சக்கரம் வைத்த உயரத் தொட்டியில் துப்பிவிடுவார். பிறகு ஒரே ஒரு சொல். "சரி." "தட்டை." "புகை." "வேணாம்." அந்தச் சொல்லைப் பொறுத்துத்தான் ஒரு தோட்டத்துச் சரக்கு உள்ளே வருவதும் வாசலோடு திரும்பிப் போவதும்.

விழுங்கவே மாட்டார். அத்தனை கிண்ணத்தையும் விழுங்கினால் மதியத்துக்குள் கை நடுங்கத் தொடங்கிவிடும். வாயில் இருப்பதைத் தொண்டைக்கு விடாமல் நிறுத்தி வைப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. தலையாட்டிக்கொண்டே, போனில் 'ம்' கொட்டிக்கொண்டே, முதலாளி சொல்லும் பழைய ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே நிறுத்தி வைப்பார். இந்தத் திறமையைப் பின்னால் எதற்குப் பயன்படுத்தினார் என்பதற்குத்தான் வருகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பருவத்துத் தூள் வந்து இறங்கும். அப்போதுதான் அவர் கொடி பறக்கும் காலம். தோட்டம் மாறும், மழை மாறும், இலை மாறும். ஆனால் கம்பெனி பாக்கெட்டைப் பிரித்து டீ போடுகிறவர்களுக்கு ருசி மாறக்கூடாது. எந்தத் தூளில் எவ்வளவு எதனோடு சேர்ந்தால் பழைய ருசி திரும்ப வரும் என்று முடிவு செய்கிறவர் நாக்கு சார். அந்தக் கலவையை அவர் வாயால் சொன்ன பிறகுதான் கீழே இயந்திரம் சுற்றும். அந்த ஒரு வாரம் முதலாளிகூட மாடிக்கு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இப்படிப்பட்ட நாக்கை எல்லார் நாக்கையும் போல நடத்த முடியுமா? வீட்டில் அதற்கென்று தனிச் சட்டம் இருந்தது. பூண்டு கூடாது. பச்சை வெங்காயம் கூடாது. மிளகாய் பேருக்கு. உப்பு, போட்டோமா இல்லையா என்று யோசிக்க வைக்கிற அளவுக்கு. உனக்கு மட்டும் தனியாகச் சமைத்துக்கொள்ளலாமே என்று மனைவியைக் கேட்டவர்கள் உண்டு. அடுப்பில் பூண்டு வதங்கும் வாசனையே மூக்கில் ஏறி மறுநாள் வரைக்கும் வேலையைக் கெடுக்கும் என்று அவர் சொல்லிவிட்ட பிறகு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். "நான் கட்டிக்கிட்டது ஒரு நாக்கை. கூடவே ஒரு ஆளும் வந்தார்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவர்களுடைய மகள் கல்யாணமாகிப் போன புதிதில் அம்மாவுக்குப் போன் செய்தாள். புகுந்த வீட்டைப் பற்றி என்னவோ சொல்லப்போகிறாள் என்று இவள் பதறிக்கொண்டு கேட்க, "அம்மா, இங்க சாப்பாட்டுல உப்பு இருக்கும்மா" என்றாள்.

மனைவிக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. கத்தரிக்காயை நீளமாக வெட்டி, பூண்டும் காய்ந்த மிளகாயும் கை நிறைய அள்ளிப் போட்டு, ஓரம் கருகும் வரைக்கும் எண்ணெயில் வதக்க வேண்டும். பிறந்த வீட்டில் வாரம் தவறாமல் சாப்பிட்டது. நாக்கு சார் தோட்டங்களைப் பார்க்க வெளியூர் போகும் நாட்களில், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, திருட்டுத்தனமாகச் செய்து சாப்பிடுவாள். அவர் திரும்பி வந்ததும் முதல் காரியமாகத் திரைச்சீலையை மோந்து பார்த்து, "யாரு பூண்டு வதக்கினது?" என்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

கம்பெனியில் அவருக்கு அடுத்த ஆள் ஒருவர் இருந்தார். அவரும் வருஷக்கணக்காக உறிஞ்சித் துப்புகிறவர்தான், ஏறக்குறைய இவர் வயதுதான். ஆனால் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பச்சை வெங்காயமும் ஊறுகாயும் மாடி முழுவதும் மணக்கும். நாக்கு சார் அவருக்கு வெங்காயம் என்று பெயர் வைத்தார். "வாயை இப்படி வெச்சுக்கிட்டு எப்படிய்யா ருசி தெரியும் உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். வெங்காயம் பல்லைக் காட்டுவார். அவருக்கு எதுவும் உறைக்காது.

அந்த வருஷம் புதுத் தூள் வந்து இறங்கப்போகும் சமயத்தில் நாக்கு சாருக்கு வயிறு பிடித்தது. முதலில் தொப்புளைச் சுற்றி ஒரு பிசைச்சல். பிறகு வலி வலது பக்கம் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அவர் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கிண்ணத்தின்மேல் குனியும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு நாள் மத்தியானம் வலி சட்டென்று விட்டுவிட்டது. "பாத்தியா, தானாப் போயிடுச்சு" என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். அடுத்த நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. மனைவி அவர் பேச்சைக் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு அம்மாள், நிதானமானவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடல்வால் வெடிச்சிருக்கு. வலி சட்டுன்னு குறைஞ்சுதுன்னு சொன்னீங்களே, அப்பத்தான்" என்றார்.

நாக்கு சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உடனே ஆபரேஷனா?"

"இல்லை. உங்க உடம்பு கெட்டிக்காரத்தனமா ஒரு காரியம் பண்ணியிருக்கு. பக்கத்துல இருக்கற குடலையும் கொழுப்பையும் இழுத்து, அந்த இடத்தைச் சுத்தி மூட்டை கட்டி வெச்சிருக்கு. இப்ப கத்தி வெச்சா எது நல்ல குடல், எது கெட்டதுன்னு பிரிக்க முடியாது. முதல்ல மருந்தால அடக்குவோம். நல்லா அடங்கினப்புறம், சில மாசம் கழிச்சு வாலை எடுத்துடலாம்."

மருந்து இரண்டு என்றார். குடலுக்குள் இரண்டு கூட்டம் கிருமிகள் குடியிருக்கின்றனவாம். ஒன்று காற்று இருந்தால் பிழைப்பது, இன்னொன்று காற்றே ஆகாதது. ஒரு மருந்து ஒரு கூட்டத்துக்கு, மற்றது மற்றதற்கு. "ரெண்டும் கூட்டுச் சேர்ந்துதான் சீழ் வைக்கும். அதனால ரெண்டு மருந்தும் சேர்ந்து போகணும். ஒண்ணை விட்டா இன்னொண்ணு பிரயோஜனம் இல்லை. முடியற வரைக்கும் வாய் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்."

நாக்கு சார் இதில் 'கொஞ்சம்' என்ற சொல்லை மட்டும் நம்பினார்.

நரம்பில் ஊசி ஏறத் தொடங்கிய மறுநாளே வாய் போய்விட்டது. பழைய சாவி ஒன்றை நாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டு திரிவது மாதிரி இருந்தது. கஞ்சி இரும்பு. தண்ணீர் இரும்பு. காலையில் ஆஸ்பத்திரி கான்டீனிலிருந்து வந்த டீயை வாயில் வைத்தார். அது டீ என்பதே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. காய்ச்சல் இறங்கியது, வயிற்று வீக்கம் இளகியது, எழுந்து நடந்தார். அதிலெல்லாம் அவருக்குச் சந்தோஷமே இல்லை. டாக்டரம்மா வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இந்த ருசி எப்ப போகும்?"

"மருந்து நிறுத்தின கொஞ்ச நாள்ல போயிடும். அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவசரம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதலாளியிடமிருந்து போன் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பழங்கள் அனுப்புவதாகச் சொன்னார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதுத் தூள் இறங்கிடுச்சு சார். கலவையை ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது. உங்களால முடியலைன்னா பரவாயில்லை, அவரை வெச்சு முடிச்சுக்கறோம்" என்றார். அவர் என்றால் வெங்காயம். நாக்கு சாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த வயிற்றில் அப்போது கரைப்பதற்கு வேறு என்னென்னவோ இருந்தது, அது வேறு விஷயம்.

"மாதிரியை வீட்டுக்கு அனுப்புங்க. நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

டப்பாக்கள் வந்தன. சாப்பாட்டு மேஜையில் கிண்ணங்களைப் பரப்பி, மனைவியைத் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்லி, உறிஞ்சினார். முதல் கிண்ணம் இரும்பு. இரண்டாவது இரும்பு. வரிசை முடியும் வரைக்கும் ஒரே இரும்பு. மனைவி கிண்ணங்களைக் கழுவி வைத்தாள். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமும் 'நான்' என்று நினைத்துக்கொண்டிருந்தது வாயில் இல்லாமல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

மாத்திரை இரண்டு நிறம். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. வாயைக் கெடுப்பது மஞ்சள்தான் என்று மருந்துக்கடைக்காரர் போனில் சொன்னார். அதற்குமேல் நாக்கு சார் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெள்ளை ஒரு கூட்டத்தை ஒழித்துவிடுகிறது, மிச்சக் கூட்டம் தனியாக நின்று என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே ஒரு வைத்தியம் பார்த்துக்கொண்டார்.

மனைவி வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பாள். விழுங்கும் வரைக்கும் நகரமாட்டாள். அவர் இரண்டையும் வாயில் போட்டுக்கொள்வார். வெள்ளை தண்ணீரோடு உள்ளே போகும். மஞ்சள் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் அசையாமல் நிற்கும். தொண்டை ஏறி இறங்கும். டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, "நாளைக்கு மழை வரும்போல இருக்கே" என்றுகூட ஒரு வார்த்தை பேசுவார். அவள் சமையல்கட்டுக்குத் திரும்பியதும் குளியலறைக்குப் போய்த் துப்பித் தண்ணீரை ஊற்றிவிட்டு வருவார். உலகத்தில் வேறு எந்த நோயாளிக்கும் இவ்வளவு சுத்தமாக அதைச் செய்ய வந்திருக்காது. வாழ்நாள் பயிற்சி.

சில நாளில் இரும்பு மங்கியது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "பருப்புல உப்பு ஒரு பொட்டு கூட" என்றார்.

மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. சமையல்கட்டுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தாள். "அப்பா உப்பு கூடன்னு சொல்லிட்டார்டி. இனிமே பயம் இல்லை." அந்தப் பக்கம் மகளும் அழுதாள். உப்பு கூட என்ற வார்த்தைக்கு அந்த வீட்டில் யாரும் அதுவரை சந்தோஷப்பட்டதில்லை.

மறுபடியும் டப்பாக்கள் மேஜைக்கு வந்தன. இந்தத் தடவை நாக்கு பேசியது. பாதி வரிசை வரைக்கும் போனார். "திங்கக்கிழமை நானே வரேன்" என்று முதலாளிக்குச் சொல்லியனுப்பினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையே கம்பளிக்குள் பல் கிட்டிப்போய்க் கிடந்தார். வலது பக்கம் வயிறு பலகை மாதிரி இருந்தது, கைவைக்க விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கை கொதித்தது. இந்த மனிதர் போய்விடுவார் என்று அப்போது அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஸ்கேனில் பார்த்தால், மூட்டைக்குள் சீழ் கட்டியிருந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே தோல் வழியாக நீள ஊசியைச் செலுத்தி, ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, வெளியே பையில் இணைத்தார்கள். சீழ் வரத் தொடங்கியதும் அறையில் நின்றவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படி ஒரு நாற்றம். படுத்திருந்த நாக்கு சாருக்கும் அது தெரிந்தது. மூக்கும் அவர் தொழிலில் பாதிதானே.

டாக்டரம்மா மனைவியையும் கட்டிலருகே நிற்கவைத்துக்கொண்டு பேசினார். முகம் இறுகியிருந்தது. "இந்த நாத்தம் காத்து ஆகாத கூட்டத்தோடது. அதுக்குத்தான் மஞ்சள் மாத்திரை கொடுத்தேன். அதுக்கு மசியலைன்னா, கிருமி அந்த மருந்தை ஜெயிக்கக் கத்துக்கிச்சுன்னு அர்த்தம். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன், பதில் வரதுக்கு நேரமாகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. வேற வழியே இல்லாதவங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கற பெரிய மருந்துக்குப் போகணும். அதுக்கும் அடங்கலைன்னா வயித்தைத் திறந்து, அந்த இடத்துக் குடலையே கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்."

மனைவி தலையைத் தலையை ஆட்டினாள். பாதி காதில் விழுந்தது.

"மாத்திரை ஒழுங்காப் போட்டாரா?"

"நானே கையில கொடுத்தேன் டாக்டர். தண்ணியோட. ஒரு வேளைகூட விடலை. கண்ணால பாத்தேன்."

"அப்ப வாயெல்லாம் இரும்பா இருந்திருக்குமே, இதுவரைக்கும்?"

ஆமாம் என்று சொல்ல மனைவி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பருப்பு ஞாபகம் வந்தது. உப்பு ஒரு பொட்டு கூட. அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நாக்கு சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறவர் முகம் இல்லை அது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"டாக்டர்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "மருந்து மேல தப்பு இல்லை. இவர் முழுங்கலை."

"கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே?"

"போட்டதைப் பாத்தேன். இவருக்கு வாயில வெச்சுக்கிட்டு முழுங்காம இருக்கறதுதான் உத்தியோகம்."

டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கட்டிலருகே குனிந்தார். "உண்மையா? எத்தனை நாளா? இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லை. சொன்னாத்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்."

கண்ணைத் திறக்காமலே நாக்கு சார் சொன்னார். "வீட்டுக்குப் போன ரெண்டு மூணு நாள்லேர்ந்து. மஞ்சள் மட்டும். வெள்ளையை முழுங்கினேன்."

"நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுது" என்று நிமிர்ந்தார் டாக்டரம்மா. கோபத்தைவிட நிம்மதிதான் அந்த முகத்தில் அதிகம். "பெரிய மருந்து அலமாரியிலேயே இருக்கட்டும். பழைய மருந்தே போதும்னு நினைக்கறேன். நரம்பு வழியாத்தான் கொடுக்கப்போறேன். அதைத் துப்ப முடியாது."

டாக்டரம்மா போய்விட்டார். குழாயில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏதாவது ஆகியிருந்தா? நாக்கை மட்டும் தனியா எடுத்துட்டுப் போய் மேடையில வெச்சிருப்பாங்களா?"

நாக்கு சாருக்கு வெட்கமாக இருந்தது. சாவுக்குப் பக்கத்தில் போய் வந்ததைவிட, அந்த உப்புக்கு அவள் அழுதது தெரிந்தும் அன்றைக்கு மாலையே மஞ்சளைத் துப்பியது அதிகமாகச் சுட்டது.

மருந்து பழையதுதான், ஆனால் இந்தத் தடவை உள்ளே போனது. அதனால் வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, பையில் சீழ் வற்றியது, பரிசோதனைப் பதிலும் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று வந்தது. குழாயை உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடியும் வெள்ளை, மஞ்சள். மறுபடியும் தண்ணீர் டம்ளர். இந்தத் தடவை கூடவே டார்ச் லைட்டும் வந்தது.

"ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க. அந்தப் பக்கம். கன்னத்தை விலக்குங்க."

ஒரு கம்பெனியே குரலைத் தாழ்த்தி மரியாதை செய்த வாய்க்குள் வேளைக்கு வேளை டார்ச் அடித்துப் பார்க்கப்பட்டது. அவரும் காட்டினார்.

இதற்கு நடுவில் வெங்காயம் பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை உள்ளே வந்துவிட்டது. கலவை முடிந்துவிட்டதாம், இயந்திரம் சுற்றி, பாக்கெட் கடைக்கே போய்விட்டதாம். "நீங்க இல்லாம ரொம்பத் தவிச்சுப்போயிட்டோம் சார்" என்றார் மரியாதைக்கு.

"கடையில ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே. யாரும் ஒண்ணும் சொல்லலை."

"அன்னைக்கு என்ன சாப்பிட்டுட்டு ருசி பாத்தே?"

வெங்காயம் யோசித்தார். "எப்பவும் போலத்தான் சார். ஊறுகாய், வெங்காயம். ராத்திரி மிச்சம் இருந்த பூண்டு வதக்கல். வாயை நல்லாக் கொப்புளிச்சுக்குவேன், அவ்வளவுதான்."

கையோடு ஒரு புதுப் பாக்கெட் கொண்டுவந்திருந்தார். மனைவி உள்ளே போய் மூன்று பேருக்கும் அதில் டீ போட்டுக்கொண்டு வந்தாள். நாக்கு சாருக்கு இரும்பு. அவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள். பிறகு, "எப்பவும் குடிக்கறது மாதிரியேதான் இருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே அது உறைத்தது. வெங்காயத்தின் சாப்பாட்டுப் பெட்டியையும் தன் வீட்டு அடுப்பையும், கல்யாணமான நாளிலிருந்து தான் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையையும் அவள் ஒன்றாக நினைத்துப் பார்த்தாள். வெங்காயம் விடைபெற்றுப் போனார். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்களுக்கு இப்ப எதைப் போட்டாலும் இரும்புதானே?"

"ஆமா."

"அப்ப எனக்குப் பிடிச்சதைச் செய்யறேன்."

அன்று ஜன்னல் எதையும் அவள் திறக்கவில்லை. பூண்டு எண்ணெயில் விழும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. தட்டில் சோறும், ஓரம் கருகிய கத்தரிக்காயும், அதன்மேல் மிளகாயுமாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். விரலைச் சப்பினாள். இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். அவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு நாக்கு சார் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பசி கம்மி என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் தட்டிலும் அதேதான் இருந்தது. அவர் இரும்பை மென்று விழுங்கினார்.

அவர் வாய் இரும்பாக இருந்த வரைக்கும் அந்த வீட்டில் அப்படித்தான் சமையல் நடந்தது. திரைச்சீலைகள் மணத்தன.

மாத்திரை முடிந்து சில நாள் போனதும், டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, குடல்வாலை எடுக்க ஒரு மாதத்தைக் குறித்துக் கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்று சொன்னார். மறுநாள் நாக்கு சார் மாடி ஏறினார். முந்தின ராத்திரி சாப்பிட்ட பூண்டு இன்னும் ஏப்பத்தில் வந்துகொண்டிருந்தது. வாயை நன்றாகக் கொப்புளித்துக்கொண்டு, கரண்டியை எடுத்து, பயந்துகொண்டே முதல் கிண்ணத்தை உறிஞ்சினார். தட்டை. இரண்டாவது, சரி. மூன்றாவதில் மெலிதாகப் புகை. எல்லாம் இருந்தது. ஒன்றும் குறையவில்லை. பூண்டும் மிளகாயும் அதை ஒன்றுமே செய்திருக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். வெங்காயம் வந்து, "முடியலையா சார்?" என்று கேட்டார்.

"முடியுது" என்றார். அது வேதனையாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். கத்தரிக்காய் தட்டுக்கு வந்தது. ஒரு வாய் வைத்தார். பூண்டின் இனிப்பு, கருகலின் கசப்பு, அடியில் எண்ணெய், எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து ஒரே அடியாய் அடித்த காரம். உப்பு ஒரு பொட்டு கூடத்தான் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மனைவி எதிரே உட்கார்ந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நாக்கு வந்துருச்சா?"

"இல்லை" என்றார். "இன்னும் இரும்புதான்."

"அப்ப இன்னைக்கு ஆபீஸ்ல போய் என்ன பண்ணீங்க?"

"துப்பிட்டு வந்தேன்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கு சிவந்து, கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். அவள் சிரிக்கவில்லை, உதட்டை மடித்துக்கொண்டாள். தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கரண்டியை எடுத்து, கத்தரிக்காயை இன்னும் கொஞ்சம் அவர் தட்டில் போட்டாள். அவர் தண்ணீரைத் தொடாமல் அதை வாயில் வைத்தார், மென்றார், விழுங்கினார்.